கிடை போட்ட வயலைத் தரிசு என்றார்கள்

எங்கள் வயலில் மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்லை நட்டபோது, வயலுக்குள் ஆடுகள் படுத்திருந்தன. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளா. பின்னால் நடந்ததெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

வயல் சுந்தரபாண்டியம் பக்கம். மேற்கே கண்மாய். அதன் மடையிலிருந்து வரும் வாய்க்கால் முதலில் எங்கள் வயலைத் தொடும், அப்புறம் கிழக்கே இருக்கிற எல்லார் வயலுக்கும் போகும். கண்மாய்க்கும் வயல்களுக்கும் நடுவில் நாலுவழிச் சாலை வருகிறது என்றார்கள். எங்கேயோ ஓர் ஊரில் உட்கார்ந்து, எங்களில் ஒருவரையும் கேட்காமல், படத்தில் ஒரு கோடு போட்டுவிட்டார்கள். அந்தக் கோடு எங்கள் வயலில் பாதியைத் தின்றது.

பாதி வயல் போவதைக்கூட ஒரு மாதிரி தாங்கிக்கொண்டோம். தாங்க முடியாதது வேறு. சாலைக்கு மண்ணை ஆள் உயரத்துக்கு மேல் கொட்டுவார்கள். அந்த மண்மேட்டுக்கு அடியில் வாய்க்காலுக்கு ஒரு வழி விடவில்லை என்றால், கண்மாய்த் தண்ணீர் அந்தப் பக்கமே நின்றுவிடும். கிழக்கே ஒரு வயலிலும் நெல் விளையாது.

சாலைக்கு அளந்து கல் நட்டது சித்திரை மாதம். தை அறுப்பு முடிந்த வயலில் நாங்கள் கிடை போட்டிருந்தோம். டவுனில் வளரும் பிள்ளைகளுக்குக் கிடை தெரியாது. ஆட்டு மந்தை வைத்திருப்பவரைக் கூப்பிட்டு, ராத்திரிக்கு ஆடுகளை நம் வயலில் வலை கட்டி அடைக்கச் சொல்வோம். காலையில் வலையைப் பிரித்து அடுத்த இடத்துக்கு மாற்றுவார். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கி, அடுத்த நடவுக்கு உரமாகும். நன்றாக விளையும் வயலுக்குத்தான் கிடை போடுவார்கள். தரிசில் யாரும் போடமாட்டார்கள்.

அளக்க வந்தவர்கள் விடியற்காலையில் வந்தார்கள். வலை பிரிக்கவில்லை. நெல் இல்லை, ஆடு இருந்தது. பார்த்ததை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

என்ன எழுதினார்கள் என்பது ஆடி மாதம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டபோதுதான் தெரிந்தது. நான் ராஜபாளையத்தில் மில் ஷிஃப்ட் முடித்துவிட்டு, பைக்கில் நேராக அங்கே போயிருந்தேன். சாலைக்கு நிலம் எடுக்கிற அதிகாரி கோபக்காரர் இல்லை. மெதுவாகத்தான் பேசினார். எங்கள் வயலைச் சொல்லி, மேய்ச்சல் தரிசு என்றார். தரிசுக்குத் தண்ணீர் எதற்கு, ஆகையால் அந்த இடத்தில் சாலைக்கு அடியில் வழி எதுவும் வராது என்றார்.

பக்கத்து வயல்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கூட்டத்தில் வாய் திறக்கவே மாட்டார். அவர் எழுந்து, "சாரு, அந்த ஆடு ஒங்க கிட்ட மனு குடுத்துச்சா, இது எங்க எடமுன்னு?" என்றார். மண்டபமே சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். ஆனால் சிரித்ததால் எழுதினது அழியவில்லை. நான் கிடையைப் பற்றி என்னால் ஆன மட்டும் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆய்வு நாளில் பயிர் இல்லை, பயிர் இருந்தது என்று தான் எப்படி மாற்றி எழுதுவது என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் சாதத்தைப் பரிமாறிக்கொண்டே, "பயிரு இல்லைன்னுதான சொல்லுதாக? இருக்க வச்சுருவோம்" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அது லேசான காரியம் இல்லை. கல் நட்ட நிலத்தில் புதிதாக எதுவும் செய்யக்கூடாது என்று நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். மீறினால் கேஸ். ஊரில் நாலு பேர் பயந்தார்கள். பயந்தது தப்பில்லை, அவர்கள் பிள்ளைகள் போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் எழுதிவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு கேஸ் போதும், எல்லாம் போகும். நெல் நடுவது புதிதாகச் செய்வதா என்று நான் கேட்டேன். எங்கள் தாத்தா காலத்திலிருந்து நடுகிறோம். புதிதாக வந்தது கல்தான்.

புரட்டாசியில் நாற்று பாவினோம். ஐப்பசி மழையில் கண்மாய் பெருகியது. மடை திறந்தோம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில், சாலை போகிற இடம் என்று கோடு போட்ட அந்த மண்ணிலேயே சேறு குழைத்துத் தொளி கலக்கி, நடவுக்குப் பெண்கள் இறங்கினார்கள். உங்கள் அம்மா முதல் ஆளாக இறங்கினாள்.

பாதி நடவில் போலீஸ் வேன் வந்தது. வேனிலிருந்து இறங்கினவர்களில் ஒருவன் என் மச்சினன், உங்கள் மாமா. அவனுக்கு அன்றைக்கு டியூட்டி இங்கே என்று அவனுக்கே வழியில்தான் தெரிந்திருக்கிறது. வரப்பில் நின்று தலையைக் குனிந்துகொண்டான். மேலேறச் சொல்லி இன்ஸ்பெக்டர் சத்தம் போட்டார். ஒருத்தியும் நிமிரவில்லை. ஷூ போட்ட கால்களோடு தொளிக்குள் இறங்க அவர்களில் யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் இன்ஸ்பெக்டர், அந்த முன்னால் நிற்கிற அம்மா யார் என்று கேட்டார். தன் அக்கா என்று மச்சினன் சொல்ல, அப்படியானால் நீயே போய்க் கூப்பிடு என்று அனுப்பிவிட்டார்.

ஷூவைக் கழற்றி, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். முழங்கால் வரை புதைந்தது.

"யக்கா, மேல ஏறிரு. எல்லாரும் பாக்காக. என் வேலை போயிரும்."

அவள் குனிந்தபடியே நட்டுக்கொண்டு சொன்னாள். "லீவுக்கு வாரப்பல்லாம் மூடை அரிசி கட்டிட்டுப் போனியே, அது எந்தத் தரிசுல வெளைஞ்சதுன்னு ஒங்க இன்ஸ்பெக்டர் ஐயாகிட்ட போய்ச் சொல்லு. பொறவு ஏறுதேன்."

அவள் நிமிர்ந்து, இரண்டு நாற்று முடிகளை அவன் கையில் திணித்தாள். "எறங்குனது எறங்கிட்ட. இதை அந்தக் கடைசில நிக்காளுகல்ல, அவளுககிட்ட போட்டுட்டுப் போ."

காக்கிச் சட்டையோடு, இரண்டு கையிலும் நாற்றோடு, தொளிக்குள் கடைசி வரை நடந்தான். அவர்களிடம் கொடுத்தான். யாரோ போனில் படம் எடுத்துவிட்டார்கள். அந்தப் படத்துக்காக அவனுக்கு மெமோ வந்தது, வெகு தூரத்துக்கு மாற்றலும் வந்தது. இன்று வரைக்கும் அதைப் பற்றி அவன் எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பொங்கலுக்கு வருகிறான், அரிசி கொண்டுபோகிறான். அன்றைக்கு நடவை முடித்துவிட்டுத்தான் பெண்கள் மேலேறினார்கள்; எங்கள் மேல் கேஸ் போட்டார்கள். அது நடந்துகொண்டிருக்கிறது.

பள்ளிப் புத்தகத்தில் ராஜாக்கள் நாடு பிடித்ததைப் படிப்பீர்கள். யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்று கேள்வி வரும். குதிரை மிதித்த வயல் யாருடையது, அடுத்த வருஷம் அங்கே நாற்று நட்டார்களா என்று எந்தப் பரீட்சையிலும் கேட்கமாட்டார்கள். நீங்கள் கேளுங்கள்.

பயிர் பச்சை பிடித்த பிறகு அதிகாரி வந்தார். மடையில் ஆரம்பித்து, வாய்க்கால் கூடவே நடந்து, கிழக்கே கடைசி வயல் வரை போய்விட்டுத் திரும்பினார். எங்கள் வயலைத் தாண்டித்தான் எல்லாருக்கும் தண்ணீர் போகிறது என்பதை நின்று பார்த்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மாற்றி எழுதினார். வாய்க்கால் போகிற இடத்தில் சாலைக்கு அடியில் சிமெண்ட் பாலம் என்று உத்தரவு வந்தது.

மண் லாரிகள் மார்கழியிலேயே வந்து நின்றன. கதிர் அறுக்காமல் ஒரு தட்டு மண் விழாது என்று வரப்பில் உட்கார்ந்தோம். தையில் அறுத்தோம். வைக்கோலை வண்டியில் ஏற்றிக்கொண்டு நாங்கள் வெளியே வர, லாரிகள் உள்ளே போயின. உங்கள் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இப்போது சாலை வந்துவிட்டது. பாலமும் வந்தது, ஆனால் குறுகலாகக் கட்டியிருக்கிறார்கள். கண்மாய் நிறைந்த வருஷம் தண்ணீர் திணறித்தான் வருகிறது. அகலப்படுத்தச் சொல்லி விடாமல் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்.

இந்த வருஷம் சாலையை ஒட்டி இன்னும் கொஞ்சம் நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு. ஆய்வுக்கு எந்த நாளும் வரலாம், இந்தச் சித்திரையில் கிடை வேண்டாமே, ஆட்டைப் பார்த்தால் மறுபடியும் தரிசு என்பார்கள் என்று ஊரில் சொன்னார்கள். கிடைக்காரரே தயங்கிக்கொண்டு வந்து, போடவா வேண்டாமா என்று கேட்டார்.

போடச் சொன்னேன். அதுவும் சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிற வயலில். மண்ணுக்கு எது வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். அவர்கள் கண்ணுக்குப் பயந்து நாங்கள் ஏன் மண்ணைப் பட்டினி போட வேண்டும்? பார்க்க வருகிறவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். நீங்கள் லீவுக்கு வரும்போது பகலில் ஆடுகள், தண்ணீர் வற்றிக் கிடக்கும் பாலத்துக்கு அடியில் நிழலுக்குப் படுத்திருக்கும். மேலே லாரிகள் ஓடும்.