இரண்டு திருத்தமும் சரி, புதன்கிழமைதான் பிழை

போன வெள்ளிக்கிழமை மதியம் கணினித் திரையைப் பார்த்துப் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தேன்.

என் வேலை என்னவென்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். யாழ்ப்பாண நகரில் ஒரு சிறிய அலுவலகம். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றின் பழைய கணினி நிரல்களைப் பராமரிக்கிறோம். அவை ஓடுவது மெயின்பிரேமில் — ஒரு பெரிய நிறுவனத்தின் முழு வேலையையும் தனியாகச் சுமக்கும் ராட்சதக் கணினி. கடல் கடந்து எங்கேயோ இருக்கிறது. நான் கண்ணால் கண்டதில்லை.

சிக்கல் இதுதான். நோயாளிகளுக்குப் போகும் கடிதத்தில் திகதி ஒரு நாள் பிந்தி விழுகிறது. மருத்துவர் புதன்கிழமை காத்திருக்கிறார். நோயாளி வியாழக்கிழமை வந்து நிற்கிறார். திருத்திய நிரல் மாலை நான்கு மணிக்குள் போகாவிட்டால், அடுத்த கட்டுக் கடிதங்களும் பிழையாகவே அச்சாகும்.

திருத்தம் ஏற்கெனவே செய்தாயிற்று. ஒன்றல்ல... இரண்டு!

பக்கத்து மேசைத் தர்சன் ஒன்று செய்திருந்தார். "அக்காவுக்குக் கோயில் திருவிழா, பாவம் எண்டு நானே செய்தன்." வட்டுக்கோட்டையில் வீட்டிலிருந்தே வேலை செய்யும் கௌரி அக்கா இன்னொன்று. "தர்சன் தம்பிக்குக் காய்ச்சல், பாவம் எண்டு நான் செய்தன்." ஆளுக்காள் பாவம் பார்த்ததில் என்னிடம் வந்து சேர்ந்தவை: பழைய பிரதி, தர்சனின் பிரதி, அக்காவின் பிரதி. ஒப்பிட்டு, ஒன்றாக இணைக்க வேண்டியது நான்.

ஒப்பிடும் கருவியில் போட்டேன். எல்லா வரியும் வேறு என்றது! எப்படி? இந்தப் பழைய நிரல்களில் வரிக்கு வரி ஓரத்தில் ஓர் இலக்கம் இருக்கும். அக்காவின் பிரதியில் அவை புதிதாக இடப்பட்டிருந்தன. ஓரத்தைப் பார்க்காதே என்று கருவிக்குச் சொன்னேன். மிஞ்சியது இரண்டே இடங்கள். ஒன்று மற்றதைத் தொடவில்லை. மோதல் இல்லை என்றது கருவி.

இணைத்ததை மூவரும் திருத்தக்கூடிய பொது இடத்தில் போட்டு ஓட்டிப் பார்த்தேன். புதன்கிழமை வரவேண்டியவரை, கடிதம் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னது.

"தர்சன், உம்மடை நோயாளி இப்ப ஒரு நாள் முந்திப் போய் நிக்கிறார்."

"என்ரையிலை பிழையில்லை. தனிய ஓட்டிப் பாத்தனான்."

அதுவும் உண்மை. திரும்பத் திரும்ப வாசித்த பிறகுதான் உறைத்தது. திகதியைக் கணிக்கும் இடத்தில் தர்சன் ஒரு நாளைக் குறைத்திருக்கிறார். கடிதத்தை அச்சிடும் இடத்தில் அக்கா ஒரு நாளைக் குறைத்திருக்கிறார். தனித்தனியே சரி. சேர்ந்தால் பிழை. ஒன்றை எடுக்க வேண்டும் — எதை?

வெளியே போய் அக்காவுக்கு போன் எடுத்தேன்.

"ஐயோ பிள்ளை, தம்பியின்ரை இருக்கட்டும். நான் என்ரையை எடுத்துவிடுறன்."

நிம்மதியாக உள்ளே வந்து மறுபடி ஓட்டினேன். வியாழக்கிழமை!

பழைய பிரதியோடு ஒப்பிட்டேன். வித்தியாசம் எதுவுமில்லை என்றது கருவி. அரை நாள் உழைத்து, பிழையைப் பிழையாமல் அப்படியே மீட்டிருந்தோம்.

"தர்சன்... நீர் ஏதும் தொட்டனீரோ?"

"ஓம். அக்கா மூத்தவ எல்லோ. அவவின்ரை இருக்கட்டும் எண்டு என்ரையை எடுத்திட்டன்."

மணி மூன்றரை. அக்காவை ஸ்பீக்கரில் போட்டேன்.

"நீங்கள் வையுங்கோ அக்கா."

"இல்லைத் தம்பி, நீ வை."

"உங்கடைதான் வடிவாயிருக்கு அக்கா."

"ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் மரியாதையை விடுங்கோ!" என்றேன். "கணிக்கிற திகதியைக் கடிதம் தவிர வேறை ஏதும் எடுக்குதோ?"

இரண்டு பக்கமும் விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு அக்கா சொன்னார்: "ஓம்... போனுக்குப் போற குறுஞ்செய்தியும் எடுக்குது."

அப்படியென்றால் அக்காவின் திருத்தம் காகிதத்தை மட்டும் திருத்தும். தொலைபேசி வியாழக்கிழமை என்றே சொல்லிக்கொண்டிருக்கும். தர்சனின் திருத்தத்தை வைத்தேன். கடிதம் புதன்கிழமை. குறுஞ்செய்தியும் புதன்கிழமை. நான்குக்குச் சற்று முன்னர் அனுப்பியும் விட்டேன்.

சண்டை பிடிப்பவர்களை எப்படியும் இணைத்துவிடலாம் போலிருக்கிறது. விட்டுக்கொடுப்பவர்களைத்தான் எப்படி இணைப்பதென்று தெரியவில்லை.

திங்கட்கிழமை தர்சன் தேத்தண்ணியோடு வந்து மெல்லிய குரலில் கேட்டார்: "அக்கா ஒண்டும் நினைக்க மாட்டா எல்லோ?"

அக்காவின் மனதை எந்தப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது?