மூன்று தட்டு

கோபம் தலைக்கேறினால்தான் அவள் கணினிக்கு மரியாதை கொடுப்பாள். "சொல்லுங்க ஐயா. ஃபைல் கண்ணுக்கு நேரா இருக்கு. இல்லன்னு எந்த வாயால சொல்றீங்க?" கொண்டையில் செருகியிருக்கும் ஸ்க்ரூடிரைவரை உருவித் தலையைச் சொறிந்துவிட்டு, மறுபடியும் செருகிக்கொள்வாள். பழுதுபார்க்கும் கடையில் உடன் வேலை செய்பவர்கள் அந்த 'ஐயா' காதில் விழுந்ததும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள்.

இந்த வாரம் ஐயா பட்டம் வாங்கியது அவளுடைய தம்பியின் புது லேப்டாப். தம்பிக்குக் கண் தெரியாது. தொலைபேசி உதவி மையத்தில் வேலை. ஒரு காதில் வாடிக்கையாளர், மறு காதில் திரையைப் படித்துச் சொல்லும் கணினிக் குரல். தகரத்தைச் சுரண்டுகிற மாதிரிக் குரல்தான். ஆனால் எவ்வளவு வேகம் கூட்டினாலும் குழறாது. புதுக் குரல்கள் தேனாகப் பேசும், வேகம் கூட்டினால் வழுக்கி விழும். அவன் பழகிய அந்தப் பழைய குரலைச் செய்த நிறுவனத்தை எப்போதோ மூடிவிட்டார்கள். புது லேப்டாப்பில் இருப்பதோ வேறு வகைச் சிப். பழைய புரோகிராமின் கட்டளைகள் அதற்கு அந்நிய பாஷை.

அதனால் நடுவில் ஒரு எமுலேட்டரை உட்கார வைத்தாள். பழைய கட்டளைகளைப் புதுச் சிப்புக்குப் புரிகிற மாதிரி அவ்வப்போது மொழிபெயர்த்துக் கொடுக்கும் மென்பொருள் அது. முதலில் 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்று ஒரே பல்லவி. காணாமல் போனது குரல் அல்ல, அதைத் தூக்கி நிறுத்தும் பழைய கணினியின் துணை ஃபைல் என்று தெரிந்தபோதும் அவளுக்கு ஆறவில்லை. "இதை முதல்லயே சொன்னா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும், ஐயா?"

அந்தத் துணை ஃபைலைத் தேடிப் போட்டதும் குரல் வந்தது. தாமதமாக வந்தது. தம்பி விசையை அழுத்திவிட்டு, அது பேசும்வரை ஆள்காட்டி விரலால் மேசையில் தட்டுவான். டொக், டொக், டொக். அப்புறம்தான் பேச்சு.

"அக்கா, இவரு வாயத் திறக்கறதுக்குள்ள கஸ்டமர் போனை வெச்சுடுவாரு."

"தட்டாதடா. மண்டையில ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு."

"திங்கக்கிழமை இந்த லேப்டாப்போட வேலைக்குப் போகலன்னா என் சீட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அப்புறம் வீட்டுல உக்காந்து நாள் பூரா தட்டுவேன். பரவாயில்லையா?"

அவள் எமுலேட்டரில் திருகக்கூடியதை எல்லாம் திருகிப் பார்த்தாள். ஒரு பயனும் இல்லை. "சின்னதா ஏதாவது படிக்க வை" என்றாள். 'சரி' என்ற ஒரே ஒரு சொல். டொக், டொக், டொக். அடுத்து நீளமான ஒரு முகவரி. டொக், டொக், டொக்.

ஸ்க்ரூடிரைவரை உருவப்போன கை பாதியில் நின்றது. 'சரி'க்கும் மூன்று தட்டு, முகவரிக்கும் மூன்று தட்டு. அப்படியென்றால் நேரம் போவது பேசுவதில் இல்லை, எழுந்திருப்பதில். வரிக்கு வரி குரலைப் புதிதாகத் தொடங்கி, பேச வைத்து, மூடிக்கொண்டிருந்தது கணினி. எமுலேட்டரும் ஒவ்வொரு தடவையும் அரிச்சுவடியிலிருந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது.

"ஒரு தடவை எழுந்தா போதும், ஐயா. இனிமே படுக்க விடமாட்டேன்."

குரலை மூடாமல் விழித்திருக்க வைத்து, அதன் வாயில் வரிகளை ஊட்டுகிற மாதிரி ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். தம்பி விசையை அழுத்தினான். தகரக்குரல் கொட்டித் தீர்த்தது. அவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.

"போதுமாடா இந்த வேகம்?"

அவன் தலையைச் சாய்த்து, அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று தாவிக்கொண்டிருந்தான். அவள் காத்திருந்தாள். டொக், டொக், டொக்.

திரும்பாமலேயே இடது கையை நீட்டி, மேசையில் தட்டிக்கொண்டிருந்த அவள் விரலை அமுக்கிப் பிடித்துக்கொண்டான். வலது கையால் வேகத்தை இன்னும் ஒரு படி கூட்டினான்.