செல்வியின் இதயம்

மகள் இதயப் படம் வரைந்து, அசுத்த ரத்தம் ஓடும் பக்கத்துக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தாள். ஸ்கெட்ச் பேனாவின் வாடை என்னை நான் வளர்ந்த ஊரான முத்தியால்பேட்டைக்குக் கொண்டுபோனது.

அப்போது நான் எட்டாவது படித்தேன். தங்கை செல்விக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. தெருவில் கொஞ்சம் ஓடினாலும் உதடு நீலமாகி, மூச்சு வாங்கக் குந்திவிடுவாள். அம்மா முதுகைத் தடவுவாள். ஒன்றும் செய்யத் தெரியாமல் நானும் பக்கத்தில் குந்துவேன்.

ஆபரேஷனுக்குச் சென்னை கிளம்பிய காலையில், "அண்ணா, ஓட்டைய எப்டி அடைப்பாங்கன்னு ஒன் புக்குல போட்டுருக்கா?" என்று கேட்டாள்.

புத்தகத்தில் ஓட்டை இல்லாத இதயம்தான் இருந்தது. "டாக்டருக்குத் தெரியும்மா," என்றேன்.

அவள் உயிரோடு திரும்பவில்லை.

அரையாண்டுத் தேர்வில் இதயம் வரையச் சொன்னார்கள். நான்கு அறைகளையும் வரைந்து பெயர் குறித்தேன். முழு மதிப்பெண் கிடைத்தது. அந்தத் தாளை அம்மாவிடம் காட்ட முடியவில்லை.