வகுப்புப் படத்தில் ஒரு சட்டை

சின்னமனூரில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் தொழில். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, கை சும்மா இருக்கும். அப்படி ஒரு மார்கழியில், பழைய படங்களைச் சரிசெய்ய ஆள் வேண்டும் என்ற அறிவிப்பை இணையத்தில் பார்த்தேன்.

போலந்தில் ஒரு சிறிய ஊர். இரண்டாம் உலகப் போரின்போது அங்கிருந்த யூதர்களை நாஜிகள் ஏறக்குறைய ஒருவர் விடாமல் கொன்றுவிட்டார்கள். போருக்கு முன்பே வெளிநாடு போனவர்களிடம் தங்கிய படங்களை லண்டனில் ஒரு பெண்மணி சேகரித்துக்கொண்டிருந்தார். அங்கே வாழ்ந்தவர்களை முகமும் பேருமாகப் பதிந்து வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

நான் வேலைக்கு ஒப்புக்கொண்டதும், முதலில் தன் அம்மாவின் படத்தை அனுப்பினார். அம்மா எட்டு வயதுச் சிறுமியாக நிற்கிறார், பக்கத்தில் தங்கை. ஈரம் பட்டு, தங்கையின் முகம் அழிந்திருந்தது. அம்மாவை மட்டும் போருக்கு முன் இங்கிலாந்திலிருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். தங்கை பெற்றோரோடு கொல்லப்பட்டாள். அவளுக்கு வேறு படமே இல்லை. இல்லாத முகத்தை வரைய மாட்டேன் என்று எழுதினேன். “வரையவே கூடாது” என்று பதில் வந்தது.

மூன்று வாரம் கழித்து, அர்ஜென்டினாவிலிருந்த வேறொரு குடும்பத்தின் வகுப்புப் படம் வந்தது. அதே ஊர்ப் பள்ளிக்கூடம். தூசியை நீக்கிக்கொண்டே வந்தவள், இரண்டாவது வரிசையில் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு சிறுமி, காலரில் பூவேலை செய்த சட்டை. மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். முதல் படத்தில் எட்டு வயது அக்கா போட்டிருந்த அதே சட்டை!

கீழே தையல் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரரின் அக்காவைக் கத்திக் கூப்பிட்டேன். “மதினி, சீக்கிரம் மேல வாங்க!”

அவர் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பெரிய புள்ள சட்டைதேன் இது. தொளதொளன்னு இருக்கும்னு இடுப்புல பிடிச்சுத் தச்சிருக்காக, பாரு.”

“அப்ப இது தங்கச்சிதேன்னு சொல்றீகளா?”

“அக்கா சட்டை வேற ஆருக்குப் போகும்?”

இரண்டு படத்தையும் சேர்த்து அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் லண்டனிலிருந்து வீடியோ அழைப்பு. மகளோடு, தொண்ணூறு தாண்டிய அந்த அம்மாவே திரையில் இருந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். பிறகு தங்கையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், எதிரில் நிற்பவளைக் கூப்பிடுவதுபோல. ஆங்கிலத்தில் எங்களிடம் சொன்னார்: “என் சட்டைதான். நான் கிளம்பும்போது கேட்டு அழுதாள். கொடுத்துவிட்டு வந்தேன்.”

மகள் அழுதார். நானும்தான். அம்மாவோ அழவில்லை, அவசரமாக விரலை நகர்த்தினார். தங்கைக்குப் பக்கத்தில் நிற்பவள் ரொட்டிக்கடைக்காரர் மகளாம். பேரைச் சொன்னார். அடுத்தவள், அதற்கடுத்தவள்... நான் எழுத்து எழுத்தாகக் கேட்டு ஒவ்வொரு முகத்துக்கும் கீழே தட்டச்சு செய்தேன். ஆறு பேர் ஆகிவிட்டது.

மதினி என் தோளை உலுக்கினார். “அந்தக் கடேசில சிரிக்குதே ஒரு புள்ள, அது ஆருன்னு கேளு!”