கேட்காமல் விட்ட கடை

கடைத்தெருவில் அவருக்கு 'டேப்பு' என்று பெயர். நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் வேலை. சட்டைப்பையில் பேனா இல்லாமல் போனாலும் போவார், இடுப்பில் அளவு டேப் இல்லாமல் வீட்டுப்படி இறங்க மாட்டார். "முதல்முதலா எங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கே நிலைவாசலைத்தான் பார்த்தார், அப்புறம்தான் என்னைப் பார்த்தார்" என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் தெரு அவர் கண்ணெதிரே கிழடு தட்டியது. ஊருக்கு வெளியே பெரிய அங்காடி வந்ததும் ஜனம் அந்தப் பக்கம் சாய்ந்தது. மாடி அறைகள் பூட்டிக் கிடந்தன. சின்ன மழைக்கே சாக்கடை நடைபாதையில் ஏறியது. தெருவைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பை நகராட்சி அவரிடம் கொடுத்தது. புது வடிகால், அகலமான நடைபாதை, ஒரு சாரி நெடுக நிழற்கூரை என்று வரைந்து முடித்துவிட்டார். யார் வாசலில் முதலில் தோண்டுவது என்ற இடத்தில் எல்லாம் நின்றுபோனது.

பக்கத்து ஊரில் இப்படித்தான் தோண்டினார்கள். வேலை இழுத்தது. முதல் பள்ளத்துக்கு எதிரே இருந்த கடைகளில் பாதி திரும்பத் திறக்கவே இல்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

அதனால் டேப்பு ஒவ்வொரு கடையாக ஏறினார். "உங்களுக்கு எந்த மாசம் டல்?" என்பதுதான் கேள்வி. கண்ணாடிக் கடைக்காரர் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பதில் சொன்னார். பாத்திரக் கடைக்காரர், "நீ படம் போட்டதுலேருந்து எல்லா மாசமும் டல்தான்யா" என்றார். துணிக்கடைகள், செருப்புக்கடை, கடிகாரம் பழுது பார்ப்பவர் என்று ஒருவரையும் விடவில்லை.

ஒரே ஒரு கடையைத் தாண்டிப் போனார். பட்டன் கடை. நூல், ஜிப், கொக்கி, லைனிங் துணி. ஊரிலுள்ள தையல்காரர்கள் எல்லாம் அங்கேதான் வருவார்கள். வைத்திருந்தது அவருடைய அக்கா. கணவர் போனபின் ஒற்றை ஆளாக நின்று நடத்திய கடை. தம்பியின் படிப்பும் அந்தக் கல்லாவிலிருந்துதான் வந்தது.

கேட்டால், அக்காவுக்காகத் தேதியை மாற்றினான் என்று தெரு பேசும். அந்தப் பேச்சுக்குப் பயந்தார். அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டார்.

வணிகர் சங்கக் கூட்டத்தில் முதல் பகுதி எது என்ற பேச்சு வந்ததும் கூச்சல் கிளம்பியது. "உன் சொந்தக்காரங்க வாசல்னா தோண்டுவியா?" என்று பாத்திரக் கடைக்காரர் கேட்டார்.

"அங்கேயே ஆரம்பிக்கிறேன். பட்டன் கடை வாசல். சீக்கிரம் மூடிக் கொடுத்திடுவேன்" என்றார் டேப்பு.

தலைகள் எல்லாம் பின்னால் திரும்பின. பின்வரிசையில் இருந்த அக்கா சரி என்று தலையை மட்டும் அசைத்தார். அத்தனை பேர் முன்னால் தம்பியை விட்டுக்கொடுக்க அவரால் முடியவில்லை.

அந்த வாரமே இயந்திரம் வந்தது. தெரு முழுக்க ஈ ஓட்டிய மாதம் அது. ஆனால் பட்டன் கடைக்கு அதுதான் உச்ச மாதம். பண்டிகைக்கு ஜனம் துணி வாங்க வருவதற்கு முன்பே தையல்காரர்கள் நூலும் பட்டனும் வாங்கி வைத்துவிடுவார்கள். அக்காவும் கூரை முட்டச் சரக்கு இறக்கியிருந்தார். பள்ளத்தில் எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு பழைய கல் வடிகால் குறுக்கிட்டது. வேலை நின்றது. அதிலிருந்து தண்ணீர் ஊற, சேறு கடைக்குள் வந்தது. பள்ளத்தின் மேல் போட்ட பலகையில் ஒரு தையல்காரர் வழுக்கி விழுந்தபின் மற்றவர்களும் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். பள்ளம் மூடியபோது தையல்காரர்கள் வாங்கும் காலம் முடிந்திருந்தது. பழகிய கால்கள் திரும்பவில்லை. அக்கா கடையை மூடிவிட்டார்.

அன்று கடைச் சாவியைத் தம்பி வீட்டு மேசையில் வைத்துவிட்டு ஒரே வார்த்தைதான் கேட்டார்: "ஊரையே கேட்டியேடா, என்னை ஏன் கேட்கல?"



தெரு எழுந்தது. அதை மறுக்க முடியாது. கல் வடிகாலைக் கண்டுகொண்டதால் அடுத்த பகுதிகள் தடையில்லாமல் ஓடின. நிழலில் ஜனம் நடந்தது, மாடி அறைகளில் விளக்கு எரிந்தது. பாராட்டு விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். அதை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தவர் பிறகு எடுக்கவே இல்லை. ஓய்வு பெற்றபின் தினமும் அந்தத் தெருவில் நடந்தார். பட்டன் கடை இருந்த இடத்தில் இப்போது போன் கடை. அதற்குச் சற்று முன்னாலேயே எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவார். வெயில் அடிக்கும் பக்கம் அது.

அக்காவும் அவரும் பேசிக்கொண்டார்கள். உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி, அவ்வளவுதான். கடையைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

நுரையீரல் கைவிட்டபோது அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அக்கா வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, "கட்டில் கோணலா போட்டிருக்காங்க. உன் டேப்பை எடு" என்றார். அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. இருமல் அடங்கியதும் மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயை விலக்கினார். பக்கத்தில் நின்ற மகள் தடுக்கப் போனாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, உன் கடைக்கு எந்த மாசம் டல்?"

அக்கா போர்வையை இழுத்துவிட்டார். பிறகு, இன்றும் கடை நடப்பதுபோல நிதானமாகச் சொன்னார்: "பண்டிகை சீசன்ல. துணிக்கடையில கூட்டம் நெரியும்போது எனக்கு வேலையே இருக்காது."

"அப்போ தோண்ட யாரும் விட்டிருக்க மாட்டாங்களே."

"விட்டிருக்க மாட்டாங்கதான். நான் தேதியை மாத்தச் சொல்லியிருக்கவும் மாட்டேன். சரக்கு எடுக்கறதுக்கு முன்னாடியே வீட்டு முன்னறையைக் காலி பண்ணியிருப்பேன். தையல்காரங்க அங்க வந்திருப்பாங்க. அவ்வளவுதான்டா."

அவர் கண்ணை மூடினார். விரல்கள் போர்வையின் மேல் மெல்ல நகர்ந்தன. முன்னறையின் நீளம், அகலம், அலமாரி எந்தச் சுவரில், வாசல் எந்தப் பக்கம். அளக்கிறார் என்று மகளுக்குப் புரிந்தது.

"போதுமாடா இடம்?" என்று அக்கா கேட்டார்.

"தாராளமா" என்றார்.

அக்கா ஆக்சிஜன் குழாயைத் திரும்பப் பொருத்திவிட்டார். அதற்குப்பின் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.