முன்னூறு வெள்ளி வண்டி

என் மாமனார் ஷேக் தாவூதுக்கு விலை சொல்வதென்றால் உயிர். பினாங்கிலிருந்து ஊர் வந்தால் பீமநகர் வீட்டு முன்கூடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அந்த ஊர் விலைவாசிதான் விருந்து. டார்ச் லைட் இத்தனை வெள்ளி, குடை இத்தனை வெள்ளி, நைலான் சட்டை இத்தனை வெள்ளி. அந்த ஊர் டாலரை நம் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். ஒரு வெள்ளிக்கு நம் காசில் ஒன்றரை ரூபாய் என்பது எங்கள் ஜனத்தில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரியும். கேட்கிறவர்கள் மனசுக்குள் பெருக்கிப் பார்த்து, "அட அல்லாவே, இவ்வளவுதானா!" என்று வாயைப் பிளப்பார்கள். "அங்க எல்லாம் சல்லிசுங்க" என்று இவர் மீசையைத் தடவிக்கொள்வார்.

நான் அவருடைய மூத்த மகள் நசீராவைக் கட்டியவன். காஜா மைதீன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லித் தொலைக்கிறேன், எத்தனை நாள்தான் உள்ளேயே வைத்துக்கொண்டு திரிவது?

எனக்குப் பெரிய கடைவீதியில் அத்தர், ஊதுபத்தி மொத்தக் கடை ஒன்றில் ஆர்டர் பிடிக்கிற வேலை. சைக்கிள் கேரியரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போக வேண்டும். வாரத்தில் ஒரு நாள் கொள்ளிடத்தையும் தாண்டித் திருவெள்ளறை வரைக்கும். ஆடி மாசக் காற்றில் பாலத்தின் மேல் சைக்கிள் மிதித்தவனுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். ஒரு கையால் வேட்டியைப் பிடிப்பதா, பெட்டியைப் பிடிப்பதா? பாதி நாள் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போவேன். பக்கத்தில் எவனாவது மோட்டார் சைக்கிளில் டபடபவென்று போனால் எனக்கு வயிறு எரியும்.

ஐம்பத்தொன்பதில் மாமா மூன்று மாசம் ஊரில் இருந்தார். திரும்பிப் போக ஒரு வாரம் இருக்கும்போது, பேச்சோடு பேச்சாகக் கேட்டு வைத்தேன்.

"அங்க மோட்டார் சைக்கிள் என்ன விலை மாமா?"

"அதா? ஜப்பான்காரன் கொண்டாந்து கொட்டுறான் மாப்பிள்ளை. கறிகாய் வாங்கப் போறவன்கூட அதுலதான் போறான். ஒரு முன்னூறு வெள்ளி இருக்கும்."

முன்னூறு வெள்ளி! நானூற்றைம்பது ரூபாய். நம் ஊரில் புது வண்டி இரண்டாயிரத்துக்கு மேல், அதற்கும் பதிந்து வைத்து வருஷக் கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். நானூற்றைம்பதுக்கு நல்ல சைக்கிளாக இரண்டு வாங்கலாம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாட்டில்கூட நினைப்பு ஓடவில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சபராளி, அதாவது கடல் கடந்து சம்பாதிக்கப் போகிறவன், புறப்படும் அன்றைக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் அவன் வீட்டில் கூடுவார்கள். துஆ ஓதி முடிந்ததும் அவன் ஒவ்வொருவரிடமும் பயணம் சொல்லிக்கொள்வான். அந்த நேரத்தில் யார் எதைக் கேட்டாலும் அவன் இல்லை என்று சொல்லக்கூடாது. கப்பல் ஏறப் போகிறவன் வாயில் அந்தச் சொல் வந்தால் பயணத்துக்கு ஆகாது என்பார்கள். அதனாலேயே, கொஞ்சமாவது மரியாதை தெரிந்தவர்கள் அப்போது பெரிதாக எதையும் கேட்க மாட்டார்கள். ஒரு கோடாலித் தைலம், ஒரு வாசனை சோப்பு, அத்தோடு சரி.

நான் மரியாதை தெரியாதவன். அந்த நேரம்தான் சரியான நேரம் என்று ஒரு வாரமாகத் திட்டம் போட்டு வைத்திருந்தேன். முப்பது பேர் நிற்கிறார்கள். மாமா என் கையைப் பிடித்து, "போயிட்டு வரேன் மாப்பிள்ளை, துஆ செய்யுங்க" என்றார்.

"திரும்பி வர்றப்ப எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கொண்டாங்க மாமா" என்றேன்.

என் மாமியார் சாரா பீவி முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். மாமா என் கையை விடவில்லை. அவருடைய உள்ளங்கை ஈரமாக இருந்தது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கேட்டதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"இன்ஷா அல்லாஹ். கொண்டாறேன் மாப்பிள்ளை" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நசீரா பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு நேரம் காலமே கெடையாதா? பயணம் போற மனுசன்கிட்ட கேக்குற பேச்சா அது?"

"அடிப் போடி, முன்னூறு வெள்ளிதானே! பினாங்குல சோத்துக் கடை வச்சிருக்குற மனுசனுக்கு அது ஒரு காசா?" என்றேன். சோற்று வியாபாரம் என்று மாமா சொல்லியிருந்தார். கடை என்று நானாக வைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷத்தில் வருவதாகப் பேச்சு. என் வாய் சும்மா இருக்குமா? மறுநாளே ஸ்ரீரங்கத்தில் கடை கடையாகச் சொல்லிவிட்டேன். சித்திரை வீதியில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்த அழகிரி எனக்கு ரொம்ப நாள் பழக்கம். அவரிடம் வண்டி என்ன கலர் என்பது வரைக்கும் சொன்னேன். ஒரு மெக்கானிக்கைப் பிடித்து ஓட்டப் பழகினேன். லைசென்ஸ் எடுத்தேன். கண்ணுக்குப் போட்டுக்கொள்ளக் கறுப்புக் கண்ணாடிகூட வாங்கி வைத்தேன். வண்டி இல்லை, மற்றதெல்லாம் இருந்தது.

மூன்று வருஷம் முடிந்தது. மாமா வரவில்லை. "இந்த வருஷம் தோதுப்படவில்லை. மாப்பிள்ளைக்கு சலாம் சொல்லவும். அவர் கேட்டது ஞாபகம் இருக்கிறது" என்று கடுதாசி வந்தது. அடுத்த வருஷமும் அதே கடுதாசி. அதற்கடுத்த வருஷமும். நசீராவின் தங்கை கல்யாணத்துக்குக்கூட அவர் வரவில்லை. சாரா பீவிக்குக் கண்ணில் புரை விழுந்து ஆபரேஷன் நடந்தது, அதற்கும் வரவில்லை. மனைவி கண் தெரியாமல் கிடக்கும்போது வராத புருஷன் என்று ஊரார் பேசினார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் பேசினேன்.

அழகிரி வாராவாரம் என்னைப் பிடித்துக்கொள்வார். "என்ன பாய், உங்க வண்டி பினாங்குலேருந்து நீந்தியே வருதா? சொல்லிருந்தா நம்ம ஆளுங்க கொள்ளிடத்துல எறங்கி நின்னு பிடிச்சிருப்பாங்களே!" கடையில் நிற்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு வெளியே வந்து, பாவம் அந்தச் சைக்கிளை உதைப்பேன்.

அறுபத்தைந்து தை மாசம் மாமா வந்தார். ஆளே உருமாறிப் போயிருந்தார். கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஒரே ஒரு தகரப் பெட்டி. பார்க்க வந்தவர்கள் கூடத்தில் நிறைந்திருந்தார்கள். ஆனால் அந்தத் தடவை அவர் யாருக்கும் விலை சொல்லவில்லை. நான் போய் நின்றேன். "வாங்க மாப்பிள்ளை" என்று எழுந்தார். நல்லா இருக்கீங்களா என்று ஒரு வார்த்தை கேட்டேனா நான்? இல்லை.

"வண்டி எங்க மாமா?"

"நல்ல வண்டியா ஒண்ணும் அமையல மாப்பிள்ளை. இன்ஷா அல்லாஹ், அடுத்த சபர்ல…"

ஆறு வருஷ எரிச்சல் எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. "ஊர் முழுக்க மோட்டார் வண்டிதான்னு சொன்னீங்களே, அதுல ஒண்ணுகூடவா அமையல? முன்னூறு வெள்ளிக்கு வக்கில்லாதவங்க என்னத்துக்கு சபர் போறீங்க? முப்பது பேருக்கு முன்னாடி என்னத்துக்கு வாக்குக் குடுக்குறீங்க?" என்று கத்தினேன். அத்தனை பேருக்கும் நடுவில். அவர் தலையைக் குனிந்து தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டேனா? "வண்டி வர்றப்ப நீயும் சேந்து வா" என்று நசீராவையும் பிள்ளையையும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். நாலு மாசம் எட்டிப் பார்க்கவில்லை. பெருநாளைக்குக்கூடப் போகவில்லை. ஒரு மோட்டார் வண்டி வாங்கிக் கொடுக்க முடியாமல் மகளை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று மாமாவின் காதுபடப் பேசினார்களாம். பள்ளிவாசலில் தொழுகை முடிந்ததும் அவர் யார் முகத்தையும் பார்க்காமல் பக்கத்து வாசல் வழியாகப் போய்விடுவாராம்.

சித்திரை கடைசியில், பாலக்கரை டீக்கடையில் ஜமாலைப் பார்த்தேன். வரகனேரிக்காரன், அவனும் பினாங்கு சபராளி. மாமாவோடு ஒரே கப்பலில் வந்தவன்.

"ஷேக் தாவூது அண்ணன் மாப்பிள்ளைதானே நீங்க? பாவம், அந்த வண்டி அப்படிப் போயிருக்க வேணாம்" என்றான்.

"எந்த வண்டி?"

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "உங்களுக்குத் தெரியாதா? உங்களுக்குன்னுதானே வாங்கினாரு! புது வண்டிங்க. பலகைப் பெட்டி அடிச்சு ரஜுலா கப்பல்ல ஏத்தினோம், நானும் ஒரு கை பிடிச்சேன். மெட்ராஸ் ஹார்பர்ல எறக்கினா, தீர்வை, பெர்மிட் இல்லாததுக்கு அபராதம்னு வண்டி வெலைக்கு மேல கட்டச் சொல்லிட்டாங்க. அவருக்கு அதெல்லாம் என்ன தெரியும்? ரெண்டு நாள் அந்த கஸ்டம்ஸ் ஷெட் வாசல்லயே உக்காந்திருந்தாரு. அப்புறம் வண்டி வேணாம்னு எழுதிக் கைநாட்டு வச்சுக் குடுத்துட்டு வந்துட்டாரு."

"முன்னூறு வெள்ளியும் போச்சா?" என்று கேட்டேன். அப்போதும் அதைத்தான் கேட்டேன் பாருங்கள்.

"முன்னூறா? எவன் சொன்னான்? எண்ணூத்தம்பது வெள்ளிங்க! அண்ணன் அதுவரைக்கும் வண்டிக் கடை வாசப்படி மிதிச்சதில்ல. வெலை கேட்டுட்டு வந்து அன்னைக்குப் பூரா சாப்பிடல."

"கடை வச்சிருக்காரே…"

"கடையா? காவடிங்க! ஒரு பக்கம் சோத்துப் பானை, ஒரு பக்கம் கறிச் சட்டி. தோள்ல தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவா விப்பாரு. வீட்டுக்கு அனுப்பினது போக மாசம் பன்னெண்டு வெள்ளி மிஞ்சினாப் பெரிசு. அறைக்கு வாடகை குடுக்க வேணாம்னு கடை வாசல் நடைபாதையில படுத்துக்குவாரு. மாப்பிள்ளை கேட்டிருக்காரு, மாப்பிள்ளை கேட்டிருக்காருன்னு அதையே சொல்லிக்கிட்டிருப்பாரு."

வெள்ளியை ரூபாயாக்கக் கண்ணிமைக்கிற நேரம் போதும் எனக்கு. எண்ணூற்றைம்பதைப் பன்னிரண்டால் வகுக்கத்தான் ரொம்ப நேரம் ஆயிற்று. ஆறு வருஷம் வந்தது. சாரா பீவியின் கண் ஆபரேஷனும் சின்ன மகளின் நிக்காஹும் அந்த ஆறு வருஷத்துக்குள்தான் இருந்தன.

சீ, என்ன மனுஷன் நான்! டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு அப்படியே பீமநகருக்கு நடந்தேன். சைக்கிளை டீக்கடையிலேயே மறந்துவிட்டேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "மாமா, நான் கேட்டதே தப்பு. கேட்ட நேரமும் தப்பு. உங்களை அத்தனை பேர் முன்னால பேசினது அதைவிடத் தப்பு. எனக்கு மாப்புக் குடுங்க." இவ்வளவுதான். நாலு வரி.

மாமா கூடத்தில் தனியாக இருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிப்போய் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, சுவர் ஓரமாக நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"மாப்பிள்ளை, உக்காருங்க. நீங்க வந்ததே பெரிசு. சபையில வாக்குக் குடுத்துட்டு நெறவேத்த முடியாமப் போச்சு. நான் செஞ்சது தப்புத்தான். வயசாயிப் போச்சு, இனிமே எனக்கு சபர் இல்ல. அந்த வண்டியை மறந்துருங்க. எனக்கு மாப்புக் குடுத்துருங்க. நசீராவையும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போங்க." இரண்டு கைகளையும் நீட்டி என் கைகளைப் பிடித்துக்கொண்டார். உள்கதவுக்குப் பின்னால் சாரா பீவியும் நசீராவும் நிற்பது தெரிந்தது.

ஒத்திகை பார்த்த நாலு வரியும் என் தொண்டைவரை வந்தன. வண்டி வாங்கிய கதையை நான் சொன்னால், இத்தனை நாள் வீட்டில் மறைத்து வைத்த காவடியும் நடைபாதையும் வெளியே வந்துவிடும், மனுஷனுக்கு அது அவமானம் என்று ஒரு சாக்கு எனக்குக் கிடைத்தது. பொய். நான்தான் அவமானத்துக்குப் பயந்தேன். பொண்டாட்டிக்கும் மாமியாருக்கும் முன்னால் குனிய எனக்கு முதுகு வளையவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

"சரி மாமா, விடுங்க. பொறுத்துக்கிட்டேன்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்! சாரா, மாப்பிள்ளை மனசு எறங்கிட்டாரு, டீ போடு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். நசீரா பெட்டியோடு வந்து நின்றாள். அவள் கண்ணில் அப்படி ஒரு நன்றி. நான் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த டீயைக் குடித்தேன். மாமா விசிறி எடுத்து எனக்கு வீசினார். வேண்டாம் என்றுகூட நான் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவர் மவுத்தானார். அந்த இரண்டு வருஷத்தில் வாராவாரம் வெள்ளிக்கிழமை அவரைப் பார்த்தேன், ஒரு தடவையும் சொல்லவில்லை. இப்போதும் பீமநகர் வீட்டில் மாப்பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால், மூத்த மாப்பிள்ளைக்குத்தான் பெரிய மனசு என்று சாரா பீவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.