கோட்டைக்குப்பத்தில் நான் பேசக் கற்றது

கோட்டைக்குப்பத்தில் மார்பகத்தைப் படமெடுத்துப் புற்றுநோயைத் தேடும் எங்கள் மேமோகிராம் வேன் நின்ற முதல் நாள், மூன்றாவதாக ஏறிய கன்னியம்மா பாதியிலேயே இறங்கிப் போய்விட்டார். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர். ஐம்பது வயதிருக்கும். அவர் போன வேகத்தைப் பார்த்து வரிசையில் நின்ற மற்ற பெண்களும் கலைந்தார்கள்.

நான் அந்த வேனின் டெக்னீஷியன். பொன்னேரிக்காரி. அப்போதே பதினெட்டு வருட சர்வீஸ். என் படங்களை யாரும் குறை சொன்னதில்லை. "ஜாக்கெட்ட கழட்டுங்க, கிட்ட வாங்க, மூச்ச அடக்குங்க." அவ்வளவுதான் என் பேச்சு.

மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். இறால் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, பாதியில வந்துட்டீங்க?"

அவர் நிமிரவில்லை. "அவுக்கச் சொன்ன, அவுத்தேன். பலகைய வச்சு அமுக்கின. எதுக்குன்னு சொன்னியா? வலிக்கும்னு சொல்லியிருந்தா பல்ல கடிச்சினு நின்னிருப்பேன். நீ மிஷினாண்டதான் பேசின, என்னாண்ட பேசல."

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தட்டையா அமுக்கினாத்தான்க்கா சின்னக் கட்டியும் படத்துல தெரியும். ஒரு பக்கத்துக்கு ரெண்டு படம். அமுக்கறது கொஞ்ச நேரந்தான். தாங்கலன்னா சொல்லுங்க, விட்டுடறேன்."

மறுநாள் காலையில் வந்தார். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். மூன்றாவது படத்தில் "விடு" என்றார். உடனே தளர்த்தினேன். வேனோடு வந்திருந்த டாக்டர் வெளியிலிருந்து, "டைம் ஆகுதும்மா" என்றார். "ஆகட்டும் சார்" என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் முறை. கன்னியம்மா மூச்சு வாங்கிக்கொண்டு, "இப்ப அமுக்கு" என்றார்.

அடுத்த வாரம் ரிப்போர்ட் வந்தது. ஓரிடத்தில் சந்தேகம். நானே போய்ச் சொன்னேன்.

"புத்துநோயா?"

'ஒண்ணும் இருக்காது' என்பதுதான் நாங்கள் வழக்கமாகச் சொல்வது. நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"தெரியலக்கா. சதை எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். நான் கூட வரேன்."

இருவரும் பொன்னேரியில் ரயில் ஏறி சென்னைக்குப் போனோம். புற்றுநோய்தான். ஆனால் சின்னது. ஆபரேஷன், மருந்து எல்லாம் முடிந்து அவர் மீண்டும் ஏரியில் இறங்கினார். அடுத்த முறை வேன் போனபோது தன் இரண்டு நாத்தனார்களையும் கூட்டி வந்து, "இது நம்ம பொண்ணு, பயப்படாம கேளுங்க" என்றார். பெருமையாகத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

இன்று வேலைக்குப் புதிதாக வருகிறவர்களின் கையை, எக்ஸ்ரே போடாமல், அந்த அமுக்கும் பலகைக்கு அடியில் வைத்து ஒரு வார்த்தையும் பேசாமல் அமுக்குகிறேன். பிறகு அதே அளவுக்கு, சொல்லிச் சொல்லி அமுக்குகிறேன். எது அதிகம் வலித்தது என்று கேட்டால், எல்லோரும் முதலாவதைத்தான் சொல்கிறார்கள்.